இரண்டடி அகலமுள்ள கோடு

அந்த மரப்பெட்டி நூல் மூட்டைகளுக்கு நடுவே ஒரு டெம்போவில் வந்து சேர்ந்தது. கோயம்புத்தூரிலிருந்து தனி வண்டி வைத்து அனுப்பியிருக்க வேண்டிய சாமான். ஆனால் தொண்ணூறுகளின் நடுவில் திருப்பூருக்குள் நுழைகிற எந்த வண்டியிலும் நூலுக்குத்தான் முதலிடம். பனியன் கம்பெனிகளுக்குப் போக வேண்டிய மூட்டைகள் மேலேயும் கீழேயும் இருக்க, எங்கள் பெட்டி பஞ்சுத் தூசியில் குளித்து இறங்கியது. “இது எந்தக் கவுண்ட் நூலுங்க, இந்தக் கனம் கனக்குது?” என்று கேட்டுக்கொண்டே சுமைக்காரர்கள் அதை மாடிக்கு ஏற்றினார்கள். உள்ளே பாதிக் கட்டில் அளவுக்கு ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. அதனுடன் ஒரு கம்பி, கம்பியின் முனையில் சோப்புப் பெட்டி போல ஒன்று, அதன் மூக்கில் ஒரு கண்ணாடி. கண்ணாடிக்குள் முடியிழை போன்ற இரண்டு கோடுகள் குறுக்கும் நெடுக்கும் போயின. எங்கள் ஆபீஸில் பத்துப் பேர் இருந்தோம். பத்துப் பேரும் அதைச் சுற்றி நின்றோம். யாருக்கும் தொட்டுப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. எங்களோடு வேலை செய்த, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர்தான் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கண்ணாடிக்குக் கீழே தன் சுண்டுவிரலை நீட்டிப் பார்த்தார். “ரேகையெல்லாம் தெரியுது பாருங்க தம்பி” என்றார்.

எங்கள் ஆபீஸ் நகரமைப்புக்கான வரைபடங்கள் வரைந்து கொடுக்கும் ஒரு சிறிய தனியார் அலுவலகம். அரசு வேலையிலிருந்து விலகி வந்த ஒரு இன்ஜினியர் நடத்தினார். அவரை நாங்கள் ‘சார்’ என்போம். நான் ஊத்துக்குளியிலிருந்து தினமும் ரயிலில் வந்துபோகும் வரைவாளன். அக்கா டிரேசர். அதாவது, அளந்து வரைந்த படங்களின் மேல் மெழுகு பூசிய மெல்லிய துணியை விரித்து, அடியில் தெரியும் ஒவ்வொரு கோட்டையும் மையால் பிரதி எடுப்பவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கணவரோடு பிழைக்க வந்தவர். கணவர் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நல்லூரை ஒட்டிய ஒரு வண்டித்தடத்தில் மனை வாங்கி, மூன்று அறையும் சமையல்கட்டுமாக ஒரு வீடு கட்டியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதும் திங்கட்கிழமை காலை எல்லோருக்கும் முன்னால் ஆபீஸுக்கு வருவதும் அக்காவின் மாறாத பழக்கங்கள். அவர் கையெழுத்தைப் போல ஒரு கையெழுத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. தெருப்பெயர்களை அவர் எழுதினால் அச்சுக் கோத்தது போல இருக்கும். தப்பு வந்தால் பிளேடை உடைத்து அதன் முனையால் மையைச் சுரண்டுவார். எவ்வளவு நயமாகச் சுரண்டினாலும் துணியில் ஒரு வெளுத்த தழும்பு நிற்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஒரு படத்தில் யார் எங்கே தடுமாறினார்கள் என்பதை வாசித்துவிடலாம். அக்காவின் படங்களில் தழும்புகள் குறைவு.

எங்களுக்குக் கம்ப்யூட்டரும், தாளில் இருக்கும் படத்தை அதற்குள் ஏற்றுகிற அந்தப் பலகையும் வந்த காரணம் ஊரின் வேகம்தான். எண்பதுகளில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது சோளக்காடு என்று வரைந்த இடத்தில், மறுவருஷம் போனால் நிட்டிங் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு படத்தை மையிட்டு முடிப்பதற்குள் அந்தப் படம் பொய்யாகிவிடும். ஊருக்குள் சரக்கு லாரிகள் சிக்கி நின்றன. அவற்றை வெளியே திருப்பிவிட ஒரு இணைப்புச் சாலை போடத் திட்டமிட்டிருந்தார்கள். அதற்கான படங்கள் அத்தனையையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, சாலையை அதன்மேல் போட்டு, பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும்படி பெரிதாக அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். அந்த வேலை சாருக்குக் கிடைத்தது. மெஷினில் பழக முதலில் என்னையும் இன்னொரு வரைவாளரையும்தான் சார் தேர்ந்தெடுத்தார். மற்றவர்கள் ஓரமாக நின்று பேசிக்கொண்டது எனக்கும் கேட்டது: “இனி டிரேசருக்கு என்ன வேலைங்க?” அன்று மாலை அக்கா சாரின் அறைக்குப் போனார். கதவு திறந்துதான் இருந்தது.

“சார், நானும் படிக்கேன்.”

“இங்கிலீசுல கமாண்டு அடிக்கோணுமுங்க. கஷ்டமா இருக்குமுங்களே.”

“இங்கிலீசு எழுத்தைப் பன்னெண்டு வருஷமா வரைஞ்சுகிட்டுதான இருக்கேன் சார். அர்த்தம் தெரியாமலே வரைஞ்சேன். இனிமே தெரிஞ்சுகிட்டு வரையுதேன்.”

சார் சிரித்துவிட்டார். மறுநாள் முதல் மூன்று நாற்காலிகள் போடப்பட்டன.

பயிற்சி கொடுக்கக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். எங்கள் எல்லோரையும்விட வயதில் சின்னவள். கண்ணாடித் தடுப்பு போட்டு ஏசி வைத்த அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போவது போல நாங்கள் உள்ளே போவோம். அவள் வேகமாகப் பேசுவாள். அக்கா அத்தனையையும் ஒரு நோட்டில் தமிழில் எழுதிக்கொள்வார். ‘ட்ரிம்: மிஞ்சினதை நறுக்க. எக்ஸ்டெண்ட்: எட்டாததை நீட்ட. ஆப்செட்: பக்கத்திலேயே அதே மாதிரி இன்னொண்ணு.’ லேயர் என்ற விஷயம் எனக்கு இரண்டு நாள் பிடிபடவில்லை. ஒரே படம், ஆனால் சாலை ஒரு அடுக்கில், வீடுகள் ஒரு அடுக்கில், ஓடை ஒரு அடுக்கில், வேண்டியதை மட்டும் காட்டலாம், வேண்டாததை மறைக்கலாம் என்றால் மறைத்தது எங்கே போகிறது என்று குழம்பினேன். அக்கா கேட்ட மாத்திரத்தில் தலையாட்டினார். “எங்க வீட்டுக்காரர் டேபிள்ல துணியை அடுக்கு அடுக்கா விரிப்பாரு தம்பி. அம்பது அடுக்கு இருக்கும். ஒண்ணை உருவி எடுத்தாலும் மத்ததெல்லாம் அங்கனதான் கிடக்கும். ஆனா ஓரம் சரியா இருக்கணும். ஓரம் தப்புனா எல்லாம் தப்பு” என்றார். பயிற்சி கொடுக்க வந்த பெண் இதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

இரண்டாவது வாரத்தில் ஒரு நாள், நாங்கள் ஏற்றிய முதல் தாளின் ஒரு மூலையைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினாள். எங்கள் கண் முன்னே தெரு விரிந்தது. இன்னும் பெரிதாக்கினாள். ஒரு வீடு திரை முழுக்க வந்தது. இன்னும் பெரிதாக்க, சுவரின் ஒரு முனை மட்டும் நின்றது. படம் ஒவ்வொரு முறையும் அழிந்து, மெதுவாக, கோடு கோடாகத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் அந்தக் கோடு அதே மெலிசில் இருந்தது. தாளில் குனிந்து பார்க்கப் பார்க்கக் கோடு தடிக்கும், மை பரவியிருப்பது தெரியும், கடைசியில் துணியின் இழைதான் மிஞ்சும். இங்கே எவ்வளவு கிட்டப் போனாலும் கோடு விலகிக்கொண்டே போவது போல இருந்தது. அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

“இந்தக் கோட்டுக்கு அகலம் எவ்வளவும்மா?”

“அகலமே கிடையாதுங்க்கா. ரெண்டு புள்ளிக்கு நடுவுல கணக்குதான் இருக்குது.”

அக்கா தன் மேஜைக்குப் போய், தன் மைப்பேனாவை எடுத்துவந்து, அதன் முனையில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்தார். ஒரு துண்டுத் தாளில் கணக்குப் போட்டார். பிறகு அதை என்னிடம் நீட்டினார். எங்கள் படங்களின் அளவுகோலில் அந்தப் பேனா போடுகிற ஒரு கோடு தரையில் இரண்டடி அகலம். “பன்னெண்டு வருஷமா ஒவ்வொருத்தர் சுவர்லயும் ரெண்டடி மண்ணை என் மை முழுங்கியிருக்கு தம்பி” என்றார். எங்கள் எல்லோருக்கும் பாடமாகச் சொல்லித் தரப்பட்ட கணக்குதான் அது. நானும் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஒருநாளும் எனக்கு அது மண்ணாகத் தெரிந்ததில்லை. அன்று மத்தியானம் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் முகத்தில் வருத்தம் இல்லை. திருவிழாவில் முதன்முதலாகப் பெரிய தேரைப் பார்த்த குழந்தையின் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

அதன் பிறகு வேலை ஓடியது. வெள்ளைப் பலகையின் மேல், மையிட்ட பிரதியை அல்ல, அளந்து வரைந்த மூலத் தாளை விரித்து, முதலில் நான்கு எல்லைக்கற்களைக் காட்ட வேண்டும். அவற்றின் அளவுகள் சர்வே புத்தகத்தில் இருக்கும். கம்ப்யூட்டர் அந்த நான்கையும் வைத்து அந்தத் தாள் பூமியில் எங்கே உட்கார வேண்டும் என்று தெரிந்துகொள்ளும். அப்புறம் சோப்புப் பெட்டியைத் தள்ளிக்கொண்டே போய், ஒவ்வொரு மூலையிலும் ஒரு அழுத்து. ஒரு வீட்டுக்கு நான்கு அழுத்து. ஆயிரக்கணக்கான வீடுகள். கரண்ட் போனால் உழைத்ததெல்லாம் போய்விடும் என்பதால், ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ‘சேவ்’ என்று அக்கா வாய்விட்டுச் சொல்வார். நாங்கள் மூவரும் சேர்ந்து அழுத்துவோம். அக்காவின் வேகத்துக்கு எங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. கையில் பேனா இருந்த இடத்தில் பெட்டி இருந்தது. மற்றபடி அதே கைதான்.

நல்லூர்ப் பக்கத்துத் தாள் அக்காவிடம் வந்தது. அதில் அவர் வீடும் உண்டு. பத்து வருஷத்துக்கு முன்னால், வீடு கட்டிய புதிதில், அந்தப் பகுதியின் படத்தை மையிட்டவரும் அவரே. அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய செவ்வகம். “எங்க வீட்டுக்கு ஒரு அழுத்துக் கூடப் போடலாமா?” என்று கேட்டுச் சிரித்தபடி நான்கு மூலைகளையும் அழுத்தினார். எதிர்ப்பக்கம், வண்டித்தடத்துக்கு அப்பால், ஒரே கூரையின் கீழ் பதினோரு அறைகள் கொண்ட லைன் வீடு. பனியன் கம்பெனிகளில் வேலை செய்கிற பதினோரு குடும்பங்கள் அங்கே வாடகைக்கு இருந்தன. அதையும் ஏற்றினார். சாலையை அதன்மேல் போட வேண்டிய நாளும் வந்தது. அதன் இரண்டு முனைகளும் முன்பே அளந்து முடிவானவை. ஒன்று ஓடைப் பாலம், மற்றொன்று பெரிய சாலையில் சேரும் இடம். நடுவில் நேர்கோடு, அறுபதடி அகலம். பழைய படத்தின்படி அந்தச் சாலை லைன் வீட்டைப் பத்தடி தின்றது. அறைகளே அவ்வளவு ஆழம்தான் என்பதால், பதினோரு குடும்பமும் காலி செய்ய வேண்டியதுதான் என்று ஊரெல்லாம் பேச்சு. அந்தப் பெண்கள் ஏற்கெனவே வேறு வீடு தேடத் தொடங்கியிருந்தார்கள்.

அக்கா இரண்டு புள்ளிகளையும் கொடுத்து, கோட்டை இழுத்து, அறுபதடிக்கு ஆப்செட் அடித்தார். திரை அழிந்து, படம் மெதுவாகத் திரும்ப வரைந்துகொண்டது. அவர் கோட்டை அழித்து, அதே எண்களை மறுபடியும் அடித்துப் பார்த்தார். பிறகு, “தம்பி, இங்க வாங்க” என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. நான் போய்ப் பார்த்தேன். லைன் வீடு முழுதாகச் சாலைக்கு வெளியே இருந்தது, இரண்டடி தள்ளி. எதிர்ப்பக்கம், அக்காவின் வீட்டு முன்னறைக்குள் சாலையின் ஓரம் எட்டடி போயிருந்தது.

மெஷின் தப்புப் பண்ணுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அக்கா பழைய துணிப்படத்தை அலமாரியிலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பக்கத்துத் தாளோடு ஒட்டுகிற ஓரத்தை விரலால் தடவினார். அப்புறம் சொன்னார். பத்து வருஷத்துக்கு முன் அந்த இரண்டு தாள்களையும் சேர்த்து வைத்தபோது, ஓடை நடுவில் அறுந்து நின்றது. ஒரு தாளில் முடிகிற இடத்துக்கும் அடுத்த தாளில் தொடங்குகிற இடத்துக்கும் இரண்டு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. ஆனால் பார்க்க அசிங்கமாக இருந்தது. எல்லைக்கல்லைப் பார்த்து ஒட்டியிருக்க வேண்டிய தாளை, ஓடை சேர்கிறபடி கொஞ்சம் நகர்த்தி வைத்து மையிட்டுவிட்டார். “ஓடை மழைக்கு மழை இடம் மாறும். கல்லு மாறாது. அது அன்னைக்கே எனக்குத் தெரியும். அறுந்த ஓடையைப் பாக்க மனசு கேக்கலை” என்றார். அந்த இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான நகர்த்தல் தரையில் பன்னிரண்டடி. தாளில் இருந்த அத்தனை வீடுகளும் பன்னிரண்டடி இடம் பெயர்ந்து, பத்து வருஷமாக அப்படியே அச்சாகிக்கொண்டிருந்தன. கம்ப்யூட்டரோ மூலத் தாளைக் கல்லை வைத்தே ஒட்டியிருந்தது. பழைய படத்தைப் பார்த்துத்தான் பதினோரு குடும்பமும் காலி செய்ய வேண்டும் என்று முடிவு கட்டியிருந்தார்கள்.

நான் செய்த காரியத்தைச் சொல்லிவிட வேண்டும். அறையில் அப்போது நாங்கள் இருவர் மட்டும்தான். நான் சோப்புப் பெட்டியை எடுத்து, அந்தத் தாளில் இருந்த அத்தனையையும் ஒரே வளைப்பில் தேர்ந்தெடுத்து, ‘மூவ்’ என்று அடித்தேன். ஒரு எண்ணைக் கொடுத்தால் போதும். நல்லூர் முழுக்கப் பழைய இடத்துக்கே திரும்பப் போய்விடும். சுரண்ட வேண்டாம், தழும்பு நிற்காது, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்க எதுவும் இருக்காது. “அக்கா, பழைய படத்துல இருக்கற மாதிரியே வெச்சுட்டா யாருக்குங்க தெரியப் போவுது? அந்த லைன் ஊட்டுக்காரங்க எப்படியும் போறதுன்னு ஆயிட்டாங்க” என்றேன். அவர் மேல் இருந்த பிரியத்தில் சொன்னதுதான். அக்கா என் கையிலிருந்து பெட்டியை வாங்கி, கமாண்டை ரத்து செய்தார்.

“நகத்தளவு கை தப்புனா பன்னெண்டு அடின்னு இன்னைக்குத்தாம் கண்ணால பாத்திருக்கேன். பாத்ததுக்கு அப்புறம் எப்படித் தம்பி திரும்ப வைக்கது?”

அவர் எழுந்து நேராக சாரின் அறைக்குப் போனார். சாருக்கும் அது சின்ன விஷயம் இல்லை. அந்த ஆபீஸ் கொடுத்த படம் பத்து வருஷமாகத் தப்பு என்று ஒப்புக்கொண்டால், கையில் இருக்கிற வேலை போகலாம், அடுத்த வேலையும் வராது. பழைய படத்தின் கீழே வரைந்தவர் என்ற கட்டத்தில் அக்காவின் முதலெழுத்துகள் இருந்தன. சரிபார்த்தவர் என்ற கட்டத்தில் சாரின் கையெழுத்து இருந்தது. சார் இரண்டின் மேலும் விரலை வைத்துப் பார்த்தார். “கம்ப்யூட்டர் சொல்றத நம்பி எழுதிக் குடுக்க முடியாதுங்க. தரையில அளக்கோணும்” என்றார். அக்கா உடனே சொன்னார்: “நான் வரமாட்டேன் சார். அளக்கறப்ப நான் அங்க நின்னா, எது வந்தாலும் தப்பாத் தெரியும். எங்க வீடு எதுன்னும் சொல்லாதீங்க.”

மறுநாள் சர்வேயர் பாயோடு நான் போனேன். ஊரில் பாதி மனைகளை அளந்த மனிதர். அவர் வார்த்தைக்குக் கோர்ட்டிலும் மதிப்பு உண்டு. எல்லைக்கல்லைத் தேடி முள்ளை வெட்டி, மண்ணைத் தோண்டிக் கண்டுபிடித்தோம். பாலத்திலிருந்து கருவியை வைத்து நேர் பிடித்து, டேப்பை இழுத்துக்கொண்டே வந்தார். லைன் வீட்டுப் பெண்கள் இடுப்பில் குழந்தைகளோடு வாசலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடிக்கக் குறி வைக்க வந்திருக்கிறோம் என்று நினைத்திருப்பார்கள். ஒருத்தி வாசலில் கிடந்த குடத்தை எடுத்து ஓரமாக வைத்து, டேப்புக்கு வழி விட்டாள். அதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. சர்வேயர் பாய் அளவுகளைச் சொல்லச் சொல்ல, கம்ப்யூட்டரில் அச்சடித்துக் கொண்டுபோயிருந்த எண்களுக்கு எதிரே நான் எழுதினேன். முடித்ததும் அவர் என் காகிதத்தை வாங்கி இரண்டு வரிசைகளையும் ஒப்பிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். “இதை அளந்த ஆளு யாருங்க?” என்றார். யாரும் அளக்கவில்லை, மேஜையில் உட்கார்ந்து எடுத்தது என்றேன். “அரையடிகூட வித்தியாசம் இல்லீங்களே! முள்ளுல மிதிக்காம, வெயில்ல நிக்காம!” அவர் அந்தக் காகிதத்தை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அப்புறம் நினைவு வந்தவராக எடுத்துத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை அக்காவின் வீட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. மன்னிப்புக் கேட்கப் போனேனோ என்னவோ. அவர் கணவர் மூன்று நாளாக யாரோடும் பேசவில்லை என்று அக்கா முன்பே சொல்லியிருந்தார். “‘வேற யாருக்கும் தெரியாதுல்லா, நீ ஏம்ட்டீ வாயைத் திறந்த?’ன்னு ஒரு வார்த்தை கேட்டாக. அதுக்கப்புறம் பேச்சு இல்லை.” நான் போனபோது அவர் முன்னறையில் குந்தி உட்கார்ந்து, கட்டிங் மாஸ்டர்கள் துணியில் குறி போடுகிற தட்டைச் சாக்கட்டியால் சிமெண்ட் தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். வாசலிலிருந்து டேப்பைப் பிடித்து எட்டடி அளந்து, ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை ஒரே இழுப்பு. அவ்வளவு நேரான கோட்டை ஸ்கேல் இல்லாமல் போட அவரால்தான் முடியும். கோடு பீரோவின் காலை ஒட்டிப் போனது. நிமிர்ந்து என்னைப் பார்த்து, “வாங்க தம்பி” என்றார். பிறகு உள்ளே இருந்த அக்காவைப் பார்த்து, மூன்று நாளுக்குப் பிறகு முதல் பேச்சாக, “பின்னால ரெண்டு ரூமும் சமையல்கட்டும் மிச்சம் நிக்கி. நாம ரெண்டு பேரு, பிள்ளை ஒருத்தி. காணும்லா? போதாதா?” என்றார்.  அக்கா காபித் தம்ளரைக் கொண்டுவந்து என் கையில் கொடுக்கும்போது, அந்தக் கோட்டை மிதிக்காமல் தாண்டி வந்தார்.

சார் எழுதிய கடிதத்தில் தவறு அலுவலகத்துடையது என்று மட்டும் இருந்தது. தன் பெயரையும் சேர்க்கச் சொல்லி அக்கா கேட்டார். “செக் பண்ணுனது நானுங்க. அப்ப எம் பேரையும் போடோணும். ரெண்டும் வேண்டாமுங்க, ஆபீஸுன்னே இருக்கட்டும்” என்று சார் முடித்துவிட்டார். வேலை போகவில்லை. தப்பைத் தானே கண்டுபிடித்துச் சொன்ன ஆபீஸ் என்று அடுத்த வருஷம் இன்னும் பெரிய வேலை ஒன்று வந்தது. சாலை போட மேலும் சில வருஷங்கள் ஆயின. அக்காவின் முன்னறை போனது. அந்த இடத்தில் புதுச்சுவர் எழுப்பி, வாசலைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டார்கள். அவர் எங்கள் ஆபீஸிலேயே இருந்து, கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவராகி ஓய்வு பெற்றார். இன்று அந்தச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. செல்போனில் யார் வேண்டுமானாலும் தன் வீட்டுக் கூரையைப் பார்க்கிறார்கள், இரண்டு விரலால் ஊரை விரிக்கிறார்கள், சுருக்குகிறார்கள். நானும் செய்கிறேன். அந்தச் சாலையில் போகும்போதெல்லாம் ஒருபக்கம் லைன் வீட்டுச் சுவர் சாலையோரத்திலிருந்து இரண்டடி தள்ளி நிற்பதைப் பார்க்கிறேன். அளந்து பார்க்கத் தோன்றும். பார்த்ததில்லை.

படத்தை மக்கள் பார்வைக்கு வைத்த நாளைச் சொல்லி முடிக்கிறேன். மண்டபத்துச் சுவரில் ஆளுயரத்துக்குத் தொங்கியது. பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல எங்களை அனுப்பியிருந்தார்கள். நிறையப் பேர் வந்தார்கள். தங்கள் கம்பெனியை, கிணற்றை, தென்னந்தோப்பைத் தேடிக் கண்டுபிடித்து, கோயில் சுவரைத் தொடுவது போலத் தொட்டார்கள். மத்தியானம் லைன் வீட்டிலிருந்து ஒரு இளம்பெண் வேலைக்குப் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு வந்தாள். அக்காவை அவளுக்கு எதிர்வீட்டு அக்காவாகத்தான் தெரியும்.

“ஏனுங்க்கா, எங்க லைன் எதுங்க?”

அக்கா காட்டினார். அவள் அந்த நீளமான செவ்வகத்தையும் அதைத் தொடாமல் போகும் சாலையையும் மாறி மாறிப் பார்த்தாள். “இடிக்கறதில்லீங்களா?”

“இல்லை கண்ணு. தாராளமா இருங்க.”

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் விரல் படத்தில் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போனது. சின்னச் செவ்வகத்தின் மேல் சாலையின் ஓரக்கோடு ஏறியிருந்த இடத்தில் நின்றது. விரலை எடுக்காமலே அக்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

“இது உங்க ஊடு ஆச்சுங்களே?”

“ஆமா.”

“முன்ன எங்க மேலதானே போச்சு? இதை யாருங்க்கா இப்படி வரைஞ்சது?”

“நாந்தாம் வரைஞ்சேன்” என்றார் அக்கா. “அளந்தா அப்படித்தாம் இருக்கு கண்ணு.”

 அந்தப் பெண் அங்கிருந்து போகவில்லை. நாங்கள் படத்தைச் சுருட்டி வைக்கும்வரை ஒரு தூணில் சாய்ந்து காத்துக்கொண்டிருந்தாள். ஐந்து மணிக்கு அக்கா பையை எடுத்தபோது, அதை அவர் கையிலிருந்து வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறி நல்லூருக்குப் போனார்கள்.